அடியிலிருந்து ஆறும் காயம்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

தியானத்தைப் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்தார் அழைத்தபோது, "மன அமைதிக்கு எளிய வழி" என்று தலைப்பு வைக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். இருபது வருடத்துக்கு மேலாக நாள்தோறும் விடியற்காலையில் ஒரு மணி நேரம் கண்ணை மூடி இருந்து வருகிறேன். அந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் அமைதியாகக் கழிந்தவை கொஞ்சம். மனம் கொதித்தவை, முழங்கால் நொந்தவை, ஏன் இதைச் செய்கிறேன் என்று என்னை நானே கேட்டவை நிறைய. அந்த நிறைய நாட்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். புத்தர் காட்டிய வழியில் இறங்கிய ஒரு மட்டக்களப்புத் தமிழ்ப் பெண்ணுக்கு அந்த வழி எங்கெல்லாம் குத்தியது, எங்கெல்லாம் அவளுடைய வாழ்க்கையோடு மோதியது என்பதுதான் என் பேச்சு.

இருபத்தைந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். கடைசியில் எப்படி இருப்பது, எப்படி நடப்பது என்பதையும் சொல்லிக் காட்ட வேண்டும் என்று ஆசை. பார்ப்போம்.

முதலில் ஒரு காயம். நான் முப்பத்தைந்து வருடம் தாதியாக வேலை செய்தவள். சூத்திரங்களைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் பலர் இருக்கிறார்கள். காயத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியும்.

படுவான்கரையிலிருந்து ஒரு மீனவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். வாவியில் வலை இழுக்கும்போது கெளிற்று முள் உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. வீட்டில் மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஒரு கிழமையில் மேல்தோல் அழகாக மூடிவிட்டது. மூடியதைப் பார்த்து ஆறிவிட்டது என்று எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். அவரும் மறுபடி தோணியில் ஏறிவிட்டார். மூன்றாவது கிழமை, கால் வீங்கி, காய்ச்சலில் உடம்பு நடுங்க, மகனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாட்டுக்கு வந்து சேர்ந்தார். டொக்டர் கீறிவிட்டார். உள்ளே இருந்து வந்ததைப் பார்த்து மகன் சுவரோடு சாய்ந்து நின்றான்.

அதற்குப் பிறகுதான் என் வேலை. அப்படிக் கீறிய காயத்தை நாங்கள் தைப்பதில்லை. உப்புநீரில் நனைத்த நீளத் துணித்திரியைச் சாமணத்தால் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுவோம். இறுக்கி அடைக்கக் கூடாது. அடி வரைக்கும் தொட வேண்டும், அவ்வளவுதான். மறுநாள் அதை இழுத்து எடுத்து, கழுவி, புதுத்திரி வைப்போம். எடுக்கும்போது நோகும். அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மிஸி, இன்றைக்காவது மூடித் தைத்துவிடுங்கள்" என்று கெஞ்சுவார். "ஐயா, மேலே மூடினால் உள்ளே மறுபடி பழுக்கும். அடியிலிருந்து ஆறி வரவேண்டும்" என்று நான் சொல்வேன். ஒவ்வொரு நாளும் இதே பேச்சு. ஆனால் ஒவ்வொரு கிழமையும் திரி கொஞ்சம் குறுகியது. ஒருநாள் விளக்கைக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். காயத்தின் அடியில் மாதுளை முத்துப் போலச் சிறுசிறு மணிகளாகச் சிவந்த புதுத்தசை. தொட்டால் இரத்தம் கசியும், அவ்வளவு இளசு. அதைப் பார்த்தால் எந்தத் தாதிக்கும் மனம் நிறையும்.

இந்தக் காயத்தை மறந்துவிடாதீர்கள். திரும்பத் திரும்ப இதற்கு வருவேன்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். எங்கள் வீட்டில் கடைசிப் பிள்ளை. 1990 ஆம் ஆண்டு ஒருநாள் காலையில் சைக்கிளில் போனான். சைக்கிள் இரண்டு நாளுக்குப் பிறகு ஒரு சந்தியில் மதிலோடு சாத்தியபடி கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. இன்று வரைக்கும் இல்லை. கிழக்கில் இந்தக் கதைக்கு விளக்கம் தேவையில்லை. கேட்டுக்கொண்டிருக்கிற உங்களில் பலருடைய வீட்டிலும் இப்படி ஒரு சைக்கிளோ, ஒரு சட்டையோ, பாடசாலை அடையாள அட்டையில் ஒட்டிய ஒரு படமோ இருக்கும்.

அவனைத் தேடி அம்மாவும் நானும் ஏறி இறங்கிய முகாம் வாசல்களில் பெரும்பாலும் ஒரு வெள்ளரசு நின்றது. அதன் கீழே சிறிய புத்தர் சிலை. முன்னால் ஒரு தட்டில் தாமரைப்பூ. வெயிலில் வரிசையில் நிற்கும்போது பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாததால் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். கண் பாதி மூடியிருக்கும். எங்களைப் பார்க்காமல் இருப்பதற்காகவே மூடியிருப்பது போல எனக்கு அப்போது பட்டது. இதை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். என் தலைமுறைத் தமிழர் பலருக்குப் புத்தர் முதலில் அறிமுகமானது அந்த வாசல்களில்தான்.

அப்படிப்பட்டவள் பிறகு எப்படி அங்கே போனாள் என்று கேட்பீர்கள். பயிற்சிக் காலத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்த ஒரு சிங்கள அக்கா, யுத்தக் காலம் முழுவதும் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர். 2002 இல் போர்நிறுத்தம் வந்து பாதை திறந்த பிறகு ஒரு கடிதத்தில், "நங்கி (தங்கச்சி), உனக்கு நித்திரை இல்லை என்று எழுதியிருக்கிறாய். பத்து நாள் லீவு எடுத்து வா" என்று கேட்டிருந்தார். பேராதனைக்கு அருகே ஹிந்தகலையில் ஒரு விபஸ்ஸனா தியான நிலையம் இருக்கிறது. அங்கேதான் அழைத்தார். எனக்கு உண்மையில் நித்திரை இல்லை. பதின்மூன்று வருடமாக இல்லை. மாத்திரை எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது; அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் தெரிந்திருந்தது. ஆகவே 2003 இல் போனேன்.

அங்கே கற்பிக்கிற முறையைப் பரப்பிய கோயங்கா அவர்களைப் பற்றி ஒரு விடயம் சொல்ல வேண்டும். அவர் 1924 இல் பர்மாவில் மண்டலே நகரத்தில் ஓர் இந்து வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். தாங்க முடியாத ஒற்றைத் தலைவலி. மோர்பின் ஊசி போடும் அளவுக்கு. 1955 இல் ரங்கூனில் ஊ பா கின் என்ற ஆசிரியரிடம் போனார். அந்த ஆசிரியர் துறவி இல்லை. அரசாங்கத்தின் கணக்காளர் நாயகமாக இருந்த குடும்பஸ்தர். "தலைவலியை மாற்றுவதற்கு என்று வந்தால் இங்கே இடமில்லை" என்ற கருத்தில் அவர் முதலில் மறுத்துவிட்டார். கோயங்காவுக்கும் தயக்கம்: நான் இந்து, என்னைப் பௌத்தனாக்கிவிடுவார்களோ என்று. ஒழுக்கமாக இருப்பதில், மனத்தை ஒருநிலைப்படுத்துவதில் இந்துவுக்கு என்ன ஆட்சேபம் இருக்க முடியும் என்பதுதான் அந்த ஆசிரியருடைய வாதம். எங்கள் மாமாங்கப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறிய எனக்கு இந்தக் கதை பெரிய ஆறுதலாக இருந்தது. தலைவலி மாத்திரையாக இதைத் தரமாட்டேன் என்று சொன்னாரே, அந்த இடம் என்னைப் பிடித்தது. நோவை மழுங்க வைக்கிற ஊசியும் காயத்தைக் கழுவுகிற வேலையும் வேறு வேறு என்பது எனக்குத் தெரியும்.

பத்தாம் நாள் முற்பகல் வரைக்கும் பேச்சு இல்லை. விடிய நான்கு மணிக்கு மணி அடிக்கும். முதல் மூன்று நாளும் மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். பிறகு உடம்பு முழுவதும் என்ன நடக்கிறது என்று தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்துக்கொண்டு போக வேண்டும். அதன் பிறகு நாளுக்கு மூன்று தடவை, ஒரு மணி நேரம் கையையோ காலையோ அசைக்காமல் இருக்கச் சொல்வார்கள். பணம் வாங்குவதில்லை.

ஐந்தாம் நாள் மாலை. நாற்பது நிமிடம் தாண்டியிருக்கும். இடது முழங்கால் பற்றி எரிகிறது. ஓடிப்போக வேண்டும் போல இருக்கிறது. நோவை நோ என்று ஒரே சொல்லில் சொல்லாமல் கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பார்த்தேன். முதலில் சூடு. அதற்குள்ளே ஒரு துடிப்பு. பிறகு அந்தத் துடிப்பு நின்று ஊசி குத்துவது போல ஒன்று. அதுவும் ஓரிடத்தில் நிற்காமல் நகர்கிறது. இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எங்கிருந்தோ சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிடுகிற சத்தம் கேட்டது. என் தம்பி புறப்படும்போது குதிக்காலால் தட்டிவிடுகிற அதே சத்தம். மண்டபத்தில் சைக்கிள் ஏது? பதின்மூன்று வருடமாக அந்தச் சத்தத்தை நான் மூடி வைத்திருந்திருக்கிறேன். மேல்தோல் ஆறி, உள்ளே அப்படியே இருந்திருக்கிறது. அன்று மண்டபத்தில் அசையாமல் இருந்தபடியே அழுதேன். யாரும் வந்து தேற்றவில்லை. தேற்றாமல் விட்டதற்காக இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

இது வரைக்கும் கேட்டவர்கள், சரி, இவள் அமைதி அடைந்துவிட்டாள் என்று நினைப்பீர்கள். பொறுங்கள்.

பத்தாம் நாள் மைத்திரித் தியானம் கற்பிப்பார்கள். எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும் என்று நினைக்க வேண்டும். எல்லா உயிர்களும் என்றால் எல்லா உயிர்களும்தான். என் தம்பியைக் கொண்டுபோனவர்களும் அதற்குள் வருகிறார்கள். அந்த வரி வந்தபோது என் மனம் கல்லாக நின்றது. வாயால் பொய் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. அவர்களைத் தவிர்த்து மற்ற எல்லாருக்கும் சொன்னேன். பல வருடம் அப்படித்தான் சொன்னேன்.

அன்று முற்பகலே மௌனம் முடிந்தது. பத்து நாளும் எனக்கு அடுத்த மெத்தையில் இருந்த ஓர் அம்மா, வயதானவர், சிரித்தபடி என் கையைப் பிடித்தார். நான் மட்டக்களப்பு, தமிழ் என்று தெரிந்ததும் அவருக்கு அவ்வளவு சந்தோசம். "நீங்களும் இப்போது எங்கள் மதத்துக்கு வருவது எவ்வளவு நல்லது, மகள்" என்றார். கள்ளம் இல்லாமல் சொன்னார். நான் பஸ்ஸில் பசியோடு போகக் கூடாது என்று தன் பையிலிருந்து கித்துள் கருப்பட்டி ஒரு துண்டைக் கடதாசியில் சுற்றிக் கையில் வைத்தார். எல்லா உயிர்களுக்கும் அன்பு சொல்லி அரை மணி நேரம் ஆகவில்லை, என் காது சூடாகிவிட்டது. எங்கள் மதம்! யாருடைய மதம்? பொலன்னறுவை வரும் வரைக்கும் அந்தக் கருப்பட்டியைக் கையிலேயே வைத்திருந்தேன். அவருடைய அன்பும் உண்மை. அந்தச் சொல் குத்தியதும் உண்மை. ஒன்றை வைத்து மற்றதை அழிக்க முடியவில்லை. பொலன்னறுவை பஸ் நிலையத்தில் பாதியைச் சாப்பிட்டேன். மீதியை அம்மாவுக்குக் கொண்டுவந்தேன்.

அன்று அந்த அம்மாவுக்குச் சொல்ல வாய் வராத பதில் ஒன்று இருக்கிறது. அதை இன்று சொல்லிவிடுகிறேன். பாளி நூல்களுக்கு உரை எழுதிய புத்தகோசர், இலங்கைப் பௌத்தர்கள் இன்றைக்கும் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறவர், தாம் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைத் தம் உரையின் முடிவிலே குறித்திருக்கிறார். புத்ததத்தர் காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்து எழுதினார். பதினோராம் நூற்றாண்டில் தமிழுக்கு வீரசோழியம் என்ற இலக்கணம் செய்த புத்தமித்திரர், பெயரே சொல்வது போல, பௌத்தர். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய விகாரைக்கு இராசராச சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். அண்மைக் காலத்துக்கு வந்தால், 1898 இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையிலிருந்து கொழும்புக்கு வந்து பஞ்சசீலம் ஏற்றுப் போய், தமிழர் நடுவே சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். ஆகவே, அம்மா, நான் யாருடைய வீட்டுக்கும் விருந்தாளியாக வரவில்லை.

இந்தப் பதிலில் எனக்கு இன்னொரு நோவும் இருக்கிறது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் காட்டுக்குள்ளே பழைய தூபிக் கற்களும் தூண்களும் கிடக்கின்றன. அவற்றைக் கண்டால் எங்கள் சனத்துக்கு முதலில் வருவது வரலாறு இல்லை, பயம். இந்தக் காணி போய்விடுமோ என்ற பயம். 2020 ஆம் ஆண்டு ஜூன் மாதம் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென்று ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, தொடக்கத்தில் அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. அந்தப் பயத்தை வெறும் மனப்பிரமை என்று யார் சொல்ல முடியும்? தமிழில் பிரார்த்தித்த யாரோ ஒருவர் நட்டதாகக்கூட இருக்கக்கூடிய ஒரு கல்லை, தமிழர் பயந்து பார்க்கும்படி ஆகிவிட்டது. விடியற்காலையில் கண்ணை மூடும்போது இதுவும் என்னோடு வந்து இருக்கிறது. இதை வெளியே விட்டுவிட்டு உள்ளே போகும் கதவு எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இப்போது நான் செய்த பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அந்தச் சைக்கிளை அம்மா விறாந்தையில் வைத்திருந்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கு வைப்பதற்கு முன்னால் ஒரு பலகைக்கட்டையைப் போட்டு அதன் அருகே இருப்பார். பழைய துணியால் சங்கிலியைத் துடைப்பார். சிறு போத்தலில் இருந்து தேங்காய் எண்ணெயை ஒவ்வொரு கண்ணியாக விடுவார். பிறகு மிதியைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, சில்லு சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாரும் ஏறாத சைக்கிள்.

பத்து நாள் தியானம் முடித்து வந்த எனக்கு, எல்லாம் தெரிந்துவிட்டது போல ஒரு நினைப்பு. வந்த முதல் வெள்ளிக்கிழமை அம்மாவின் அருகே இருந்து, "அம்மா, பற்றுத்தான் துன்பத்துக்குக் காரணம். இதை விட்டுவிடுங்கள்" என்றேன். அம்மா தலையைத் தூக்கவில்லை. அடுத்த கண்ணிக்கு எண்ணெய் விட்டார். "நீ விடு மகள். நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஒருவராவது பிடிக்க வேண்டும்" என்றார். அதற்குப் பிறகு நான்கு நாள் என்னோடு பேசவில்லை.

ஆறாத காயத்தின் மேலே தோலை இழுத்துத் தைக்கப் பார்த்தது நான். ஆயிரம் காயம் கழுவியவள் என் தாயின் காயத்தில் அதைச் செய்தேன். தியானத்தில் ஈடுபடுகிறவர்களிடம், சொல்லிக் கொடுக்கிறவர்களிடம் இதைத்தான் கெஞ்சிக் கேட்கிறேன்: காணாமற்போனவர்களின் தாய்மாரைப் பார்த்து விட்டுவிடு என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல் வாயில் வந்தால் விழுங்கிவிடுங்கள். புத்தர் அப்படிச் சொன்னதாக ஒரு கதையைக் காட்டுவார்கள். கடுகுக் கதை. அதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

கிசாகோதமி என்ற தாய் இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு அலைகிறாள். சாவு விழாத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வா என்று புத்தர் அனுப்புகிறார். அப்படி ஒரு வீடும் இல்லை. அவளுக்கு உண்மை விளங்குகிறது. இந்தக் கதையை, எல்லாரும் சாகிறவர்கள்தானே, ஏன் அழுகிறாய் என்ற அதட்டலாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். சுனாமியாகக் கடல் வந்த அன்று நான் கடமையில் இருந்தேன். கல்லடி, நாவலடிப் பக்கம் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாட்டிலேயே ஆகக் கூடிய உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில். அன்று எங்கள் கரையில் யாராவது கடுகு கேட்டுப் புறப்பட்டிருந்தால், கதவே இல்லை, எங்கே தட்டுவது? சில கிழமைக்குப் பிறகு, பாடசாலை ஒன்றில் இருந்த முகாமில், ஆறுதல் சொல்ல வந்த ஒருவர் இதே கடுகுக் கதையைச் சொன்னார். முன்வரிசையில் இருந்த ஒரு தாய் எழுந்து, சேலைத் தலைப்பை உதறிவிட்டு, வெளியே போனார். நான் பின்னால் போனேன். "எல்லாருக்கும் நடந்தது என்றால் எனக்கு நடக்கவில்லை என்று ஆகிவிடுமா, மிஸி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கிணற்றுக் கட்டில் அவரோடு இருந்தேன்.

அன்றிலிருந்து அந்தக் கதையை நான் மறுபடி மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். நான் கண்டது இது. புத்தர் அவளுக்கு உடனே உபதேசம் செய்யவில்லை. குழந்தையை அவளுடைய கையிலிருந்து பிடுங்கவும் இல்லை. அவளை நடக்க விட்டார். அவள் தட்டிய ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருத்தி கதவைத் திறந்து, "எங்கள் வீட்டில் மகன் போனான்", "எங்கள் வீட்டில் தாய் போனார்" என்று சொல்லியிருப்பாள். சொல்கிறவள் அழுதிருப்பாள், கேட்கிறவளும் அழுதிருப்பாள். ஒரு நகரத்தின் துக்கம் முழுவதையும் வாசல் வாசலாகக் கேட்ட பிறகுதான் அவளால் குழந்தையைக் கீழே வைக்க முடிந்தது. அவளே வைத்தாள். யாரும் வை என்று சொல்லவில்லை. அந்த நடை எவ்வளவு நேரம் எடுத்ததோ, அதைக் குறுக்காதீர்கள்.

இரண்டு அம்புக் கதையும் இப்படித்தான். ஒருவனுக்கு ஓர் அம்பு படுகிறது. அதை நினைத்து நினைத்து மனம் படுகிற பாடு இரண்டாவது அம்பு என்கிறது சூத்திரம். சரி. என் முழங்காலுக்கு அது நூற்றுக்கு நூறு சரி. அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டாவது அம்பு வருவதையும் நிற்பதையும் நானே பார்த்தேன். ஆனால் முதல் அம்பு யாரோ எய்த அம்பாக இருந்தால்? எய்தது யார் என்ற கேள்விக்குத் தியான மண்டபத்தில் வேலை இல்லை. அங்கே அதைக் கேட்டுக்கொண்டிருந்தால் உடம்புதான் எரியும். அதைக் கேட்பதற்கு வேறு இடம் வேண்டும், கேட்டே ஆகவும் வேண்டும். 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தால் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் வந்த பிறகு, என் தம்பியின் விபரத்தை நான் எழுதிக் கொடுத்தேன். திகதி, நேரம், சட்டையின் நிறம், சைக்கிள் இருந்த சந்தி. கை நடுங்காமல் எழுதினேன். முன்பு அந்தச் சந்தியின் பெயரைச் சொல்லவே என்னால் முடியாது. நான் மூச்சைக் கவனிக்கப் பழகியதால் தம்பியை மறக்கவில்லை. அவனைப் பற்றிச் சாட்சி சொல்லத் தெம்பு வந்தது.

இதை எனக்குப் புத்தகம் சொல்லித் தரவில்லை, எங்கள் ஊர்ச் சடங்கு சொல்லித் தந்தது. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறப்பார்கள். வருடத்தில் ஒரு தடவைதான். தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் என்று எழுவான்கரை முழுக்க நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே என்ன பாடுகிறார்கள்? வழக்குரை. அரசன் சபையில் அவள் சிலம்பை உடைத்து நீதி கேட்ட கதையை இரவிரவாகப் பாடுகிறார்கள். கோபம் கூடாது என்று மதுரையை எரித்தவளுக்கு எங்கள் ஊர் ஒருநாளும் புத்தி சொன்னதில்லை. வழக்கை முழுதாகக் கேட்கிறது. கேட்டு முடித்த பிறகுதான் குளிர்த்தி, அம்மனைக் குளிர வைக்கிற சடங்கு. முதல்நாளே குளிர்த்தி பாடுவதில்லை! சிறுவயதில் அம்மம்மாவின் மடியில் இருந்து கேட்டதை, அறுபது வயதுக்குப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். அதே கோவலனுக்கு மாதவியிடம் பிறந்த மணிமேகலைதான் துறவு பூண்டு, அமுதசுரபியைக் கையில் ஏந்திப் பசித்தவர்களைத் தேடிப் போனாள். நீதி கேட்ட சிலம்பும் சோறிட்ட பாத்திரமும் ஒரே குடும்பத்துக் கதை. நான் இந்த இரண்டுக்கும் பிறந்தவள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை நானும் ஒரு பலகைக்கட்டையைப் போட்டு அருகே இருந்தேன். துணியை என் கையில் தந்தார். அன்று சங்கிலியைத் துடைத்தபோது கவனித்தேன்: அம்மாவின் கண் ஒரு கண்ணியை விட்டு அடுத்த கண்ணிக்குப் போகும்போது வேறெங்கும் போகவில்லை. மூச்சு நிதானமாக இருந்தது. நான் பத்து நாள் ஹிந்தகலையில் கற்கப் போனதை இந்த அம்மா பதின்மூன்று வருடமாக விறாந்தையில் செய்துகொண்டிருந்திருக்கிறார். 2011 இல் அம்மா போனார். கடைசி வெள்ளிக்கிழமை வரைக்கும் எண்ணெய் விட்டார்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து மூன்று விரல் காட்டுகிறார்கள். நான் நடைத் தியானத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன். கம்போடியாவின் மகா கோசானந்த தேரரைப் பற்றியும் சொல்ல இருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொல்பொட் ஆட்சியில் குடும்பத்தை முழுவதும் இழந்தவர் அவர். 1992 இல் அகதிகளோடு சேர்ந்து, தாய்லாந்து எல்லையிலிருந்து புனோம்பென் வரைக்கும், கண்ணிவெடி விதைத்த நாட்டின் ஊடாக நடந்தார். வருடந்தோறும் அந்த நடை தொடர்ந்தது. வழியில் சனங்கள் தண்ணீரும் ஊதுபத்தியும் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிற எங்கள் ஆட்களுக்கு இது புதிதில்லை. பாணமையைத் தாண்டி உகந்தைக்குப் போகிற வழியிலே குடும்பிகலை என்ற மலையில் பிக்குகளின் வனவாச மடம் இருக்கிறது. அரோகரா சொல்லிக்கொண்டு போகிறவர்கள் அந்த மலையைக் கடந்துதான் போகிறார்கள். ஒரு வருடம் நானும் போனேன். கால் கொப்பளித்தது. அந்த மணலில் ஒவ்வோர் அடியாக வைத்துப் போகும்போதுதான், பல வருடமாகச் சொல்லாமல் விட்ட அந்த மைத்திரி வரியை முதல் தடவையாகச் சொல்லிப் பார்த்தேன். முழுதாக வந்தது என்று சொல்லமாட்டேன். பாதி வந்தது. மறுநாள் அதுவும் வரவில்லை. பிறகு ஒருநாள் வந்தது. திரி குறுகிக்கொண்டு வருகிறது, இன்னும் எடுக்கவில்லை.

ஒரு விரல் காட்டுகிறார்கள். எப்படி இருப்பது என்று சொல்லித் தருவதாகச் சொன்னேன், மன்னித்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் கேளுங்கள். முழங்கால் நோ உள்ளவர்கள் தரையில் இருக்கத் தேவையில்லை, கதிரையில் இருக்கலாம். உள்ளங்கால் இரண்டும் நிலத்தில் பட வேண்டும். பத்து நிமிடம் போதும். மூச்சு மூக்கு நுனியில் எங்கே தொடுகிறது என்று பாருங்கள். அழுகை வந்தால் அடக்க வேண்டாம். கோபம் வந்தாலும் எழுந்துவிட வேண்டாம்.

தம்பியின் சைக்கிள் இப்போதும் கல்லடியில் என் வீட்டு விறாந்தையில் நிற்கிறது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. எண்ணெய் முடிந்துவிட்டது, போகும் வழியில் வாங்க வேண்டும்.

வணக்கம்.